வேரறுந்தோரும் விருதுகளும்

புழல் ஏரியை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை கல்கத்தாவுக்குப் போகும் சாலை. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியே செல்லும் இருப்புப்பாதையும் அந்நகரை நோக்கியதே. ஆயினும் வங்கத் திரைப்படம் வடசென்னைக்கு வந்து சேர்ந்தது இவ்விரு வழிகளாலும் அன்று. 1980களின் ஞாயிறு பிற்பகல்களில், காது கேளாதோர்க்கான செய்திகள் முடிந்த கையோடு, அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடத் தூர்தர்ஷன் வழியாக அது வீடுகளுக்குள் நுழைந்தது. 'அவார்டு படம்' என்று முகஞ்சுளித்து எழுந்து போனவர் பலர். இருந்த இடம் விட்டு அசையாமல் பார்த்து முடித்தவர் சிலர். அச்சிலருள் கவிஞர்களும் இருந்திருப்பர் என்று கொள்வதில் தவறில்லை.

'அவார்டு படம்' என்ற சொல்லில் ஏளனம் உண்டு; ஓர் உண்மையும் உண்டு. தேசியத் திரைப்பட விருதுகள் முதன்முதலாக வழங்கப்பெற்ற ஆண்டு 1954. முந்திய ஆண்டுப் படங்களுக்கான அவ்விருதில் தங்கப் பதக்கம் பெற்றது 'ஷ்யாம்சி ஆயி' என்னும் மராத்தியப் படம். 1955ஆம் ஆண்டுக்கான பதக்கத்தைச் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' பெற்றது. அதுமுதல் 1962 வரையிலான எட்டாண்டுகளில் ஆறு முறை தங்கம் வங்கமொழிக்கே சென்றது. தபன் சின்ஹாவின் 'காபூலிவாலா', தேபகி போஸின் 'சாகர் சங்கமே', ரேயின் 'அபுர் சன்சார்', பிஜோய் போஸின் 'பகினி நிவேதிதா', சுதிர் முகர்ஜியின் 'தாதா தாக்கூர்' ஆகியன ஏனைய ஐந்து. இடையில் வென்ற இந்திப் படங்கள் இரண்டில் ஒன்றான 'அனுராதா'வை இயக்கிய ரிஷிகேஷ் முகர்ஜியும் வங்காளியே. வெளிநாடுகளிலோ, 1956இல் கான் விழா 'பதேர் பாஞ்சாலி'யை மானிட வாழ்வின் சிறந்த ஆவணம் எனப் போற்றியது. மறு ஆண்டு வெனிஸ் விழா 'அபராஜிதோ'வுக்குத் தங்கச் சிங்கம் அளித்தது.

இப்பட்டியலை மட்டும் கொண்டு வங்கத் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் முதல் ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டே எழுத வேண்டும். விருதுகள் தோன்றுமுன் வந்ததும், எவ்விருதும் பெறாததுமான அவ்வேட்டின் பெயர் 'சின்னமூல்'. வேரறுந்தவர் என்பது அவ்வங்கச் சொல்லின் பொருள். ஆண்டு 1950. இயக்கியவர் நிமாய் கோஷ். பின்னாளில் அவருடைய வாழ்வு சென்னைக்கு இடம் மாறியதால் இவ்வேடு தமிழருக்கும் உரியதாயிற்று.

கிழக்கு வங்கச் சிற்றூர் ஒன்றின் எளிய மக்கள் தேசப் பிரிவினையால் ஊரைத் துறந்து கல்கத்தாவுக்கு வருகின்றனர். வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைப்பது சியால்டா இரயில் நிலையத்தின் நடைமேடை. கதை அவ்வளவே. ஆனால் அந்நடைமேடையில் படுத்துக் கிடந்தவர்களும் அடுப்பு மூட்டியவர்களும் நடிகர்கள் அல்லர், உண்மையான அகதிகள். மக்கள் நாடக மன்றத்தைச் சார்ந்த கலைஞர்கள் அவர்களிடையே கலந்து நடித்தனர். அவர்களுள் ஒருவர், நடித்ததோடு உதவி இயக்குநராகவும் பணியாற்றிய ரித்விக் கட்டக் என்னும் இளைஞர். ஊரார் புறப்படும் வேளையில் மூதாட்டி ஒருத்தி தன் வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமறுக்கும் காட்சி இப்படத்தைப் பற்றி எழுதிய எவரும் குறிப்பிடாமல் விடாத ஒன்று. தூணிலிருந்து அவள் கைகளைப் பிரித்தெடுப்பதுதான் பிரிவினை. நாட்டின் எல்லைக்கோட்டை அப்படம் காட்டிய விதம் அது.

வடசென்னையில் வாழ்வோருக்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது. 1942இல் போருக்கு அஞ்சி, காடும் மலையும் கடந்து நடந்தே வந்த பர்மாத் தமிழர்களின் கதைகள் இங்குக் குடும்பங்கள்தோறும் வழங்கின. 1964 முதல் பர்மாவிலிருந்து கப்பலேறித் துறைமுகத்தில் வந்திறங்கியோர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தனர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்களுள் ஒன்று புழல் காவாங்கரையிலேயே அமைந்தது. அவரவர் விட்டுவந்த தூண்கள் எத்தனையோ! தமிழ்ப் படவுலகும் இதனை அறியாமல் இல்லை. 'சின்னமூல்' வந்த இரண்டாம் ஆண்டில் வெளியான 'பராசக்தி'யில் இரங்கூனிலிருந்து திரும்பும் குடும்பம் வருகிறது. அகதிகளின் கூட்டம் வருகிறது. எனினும் அங்கே துயரம் வாதமாகி வழக்குமன்றம் ஏறுகிறது; இங்கே அது நடைமேடையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று செவிக்குரிய கலை, மற்றொன்று விழிக்குரிய கலை. இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது வீண்வேலை. எனினும் தமிழ்ப்படம் செவியின் பக்கமே நெடுங்காலம் சாய்ந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

1951இல் இந்தியாவுக்கு வந்த சோவியத் இயக்குநர் புதோவ்கின் 'சின்னமூல்' படத்தைக் கல்கத்தாவில் கண்டு வியந்தார். கார்க்கியின் 'தாய்' நாவலைப் படமாக்கிய அதே புதோவ்கின். ரகுநாதன் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர் நன்கறிந்த நாவல் அது. அவர் வழியாகப் படம் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டது. மாஸ்கோ வரவேற்ற கலைஞருக்குக் கல்கத்தா அடுத்த படத்தைத் தரவில்லை. ஒளிப்பதிவுத் தொழிலை நம்பி நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வேரறுந்தோரைப் படமெடுத்தவர் தாமும் வேர்பெயர்ந்தார்.

அவருக்கு முந்திய தலைமுறையில் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. சென்னையில் பேசும்படக் கூடங்கள் பெருகுமுன் தமிழ்ப் படங்கள் கல்கத்தாவில் எடுக்கப்பட்டன. சாமிக்கண்ணு வின்சென்ட் முயற்சியில் 1933இல் வந்த 'வள்ளி திருமணம்' கல்கத்தா பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தது. பாகவதரின் 'அம்பிகாபதி' (1937) உருவானதும் அந்நகரில்தான். தமிழர்கள் அங்குச் சென்று கூடத்தையும் கருவியையும் பயன்படுத்தித் திரும்பினர். நிமாய் கோஷ் இங்கு வந்தபோது கருவியோடு ஒரு கொள்கையும் கூட வந்தது.

அதன் விளைவே 'பாதை தெரியுது பார்'. இடதுசாரிக் கலைஞர்கள் கூடி அமைத்த குமரி பிலிம்ஸின் தயாரிப்பாக 1960 நவம்பரில் அது வெளிவந்தது. இசை எம்.பி. சீனிவாசன். நாயகன் கே. விஜயன், பின்னாளில் சிவாஜி கணேசனின் 'திரிசூலம்' படத்தை இயக்கியவர் இவரே. உழைப்பாளிகளின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட இப்படத்தில் கவிஞர்கள் பெரிதும் நினைக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. பாடல் எழுதியோர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன். சிறுகதையாசிரியராகவே அறியப்பட்ட ஜெயகாந்தனிடம் பாடல் பெற்ற துணிவு அக்கூட்டத்துக்கு இருந்தது. பட்டுக்கோட்டையாரோ 1959 அக்டோபரில், முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார். தம் பாட்டைத் திரையில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இன்றும் வானொலியில் அப்பாடல்கள் ஒலித்தால் நின்று கேட்போர் உண்டு. அவை எப்படத்தின் பாடல்கள் என்று கேட்டால் தயங்குவோரும் உண்டு.

அவ்வாண்டுத் தமிழ்ப் படங்களுக்கான விருதில் 'பார்த்திபன் கனவு' வெள்ளிப் பதக்கம் பெற, 'பாதை தெரியுது பார்' தகுதிச் சான்றிதழ் பெற்றது. வணிகத்தில் அது தோற்றது. நிமாய் கோஷுக்கு மீண்டும் இயக்குநர் நாற்காலி எளிதில் வாய்க்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. வங்கத்தில் தொடர்ச்சியாக வளர்ந்த ஒன்று தமிழகத்தில் ஒவ்வொரு முறையும் ஒற்றை முயற்சியாகவே நின்றது ஏன்? ஆற்றல் குறைவு என்பது விடையாகாது. 1952இன் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா கல்கத்தாவுக்கும் சென்றது, சென்னைக்கும் வந்தது. ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' தந்த தூண்டுதலில் எஸ். பாலசந்தர் பாடல் ஒன்றுகூட இல்லாமல் 'அந்த நாள்' (1954) எடுத்தார். தகுதிச் சான்றிதழும் பெற்றார். விதை இரு நகரங்களிலும் விழுந்தது. நீர் பாய்ந்தது ஒன்றில்தான். கல்கத்தாவில் 1947 முதலே திரைப்படச் சங்கம் இயங்கியது. 'பதேர் பாஞ்சாலி' பணமின்றி நின்றபோது முதல்வர் பி.சி. ராயின் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. 'சாலையின் பாட்டு' என்ற பொருளைக் கண்டு அத்தொகையைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினர் என்பர். சிரிப்பதற்குரிய செய்திதான், ஆயினும் அக்கணக்கெழுத்தால் ஒரு காவியம் பிழைத்தது. தமிழகத்தில் அப்படித் தவறாகவேனும் கணக்கெழுதும் கை ஒன்று அன்று இல்லை.

1964ஆம் ஆண்டின் பட்டியல் வேறொரு வகையில் வியப்பளிப்பது. ரேயின் 'சாருலதா' அகில இந்தியத் தங்கப் பதக்கம் பெற்ற அதே ஆண்டில், அதே அகில இந்திய வரிசையில் மூன்றாம் இடம் பெற்றது ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்'. தாகூரின் கதையில் பிறந்த நாயகி மாளிகைச் சன்னலில் நின்று வீதியை நோக்குகிறாள். ஜெயகாந்தனின் சிறுவனுக்குச் சன்னலே இல்லாத சேரிக் குடிசை. இசையமைத்தவர் வீணைக் கலைஞர் சிட்டிபாபு. அம்மூன்றாம் இடம் தமிழுக்கு ஒரு திருப்பமாகியிருக்க வேண்டும், ஆகவில்லை.

விருதுகளின் பார்வை வங்கத்திலும் எல்லாவற்றையும் கண்டதில்லை. 'சின்னமூல்' படத்தில் நடித்த ரித்விக் கட்டக் அதே அகதி வாழ்வை 'மேகே தாக்கா தாரா' (1960), 'கோமள் காந்தார்' (1961), 'சுவர்ணரேகா' என மும்முறை எடுத்தார். அவருடைய முதற்படமான 'நாகரிக்' 1952இல் முடிந்தும், 1976இல் அவர் மறைந்த பின்னரே, 1977இல்தான் திரைக்கு வந்தது. தேசிய விருது அவரை எட்டியது இறுதிப் படமான 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வின் கதைக்காக.

'மேகே தாக்கா தாரா' தமிழுக்கு வந்த விதம் இக்கட்டுரையின் பொருளோடு நேரே தொடர்புடையது. அகதிக் குடியிருப்பு ஒன்றில் குடும்பம் முழுவதையும் தன் உழைப்பால் தாங்கித் தேய்ந்துபோகும் மூத்த மகள் நீதாவின் கதை அது. கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) அதன் தாக்கத்தில் உருவானதாகக் கூறுவர். கவிதா மறக்கவொண்ணாத பாத்திரம் என்பதில் ஐயமில்லை. எனினும் வங்க மூலத்தில் அக்குடும்பம் ஏன் வறுமையுற்றது என்பதற்கு வரலாறு இருந்தது. இழந்த ஊர் இருந்தது. தமிழில் மகள் மட்டும் வந்து சேர்ந்தாள். அகதி வழியிலேயே நின்றுவிட்டான். பர்மாவிலிருந்து வந்தோர் குடியேறிப் பத்தாண்டுகளே ஆகியிருந்த நகரத்தில் எடுக்கப்பட்ட படம் என்று எண்ணும்போது இவ்விடுபாடு உறுத்தவே செய்கிறது.

பிற்பட்ட பத்தாண்டுகளின் வங்க விருதுப் படங்களைச் சுருக்கமாகவே கூறலாம். 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் அவர்களை விடாமல் தொடர்ந்தது. ரேயின் 'அஷனி சங்கேத்' 1973இல் பெர்லினில் தங்கக் கரடி பெற்றது; பஞ்சத்தைப் படமெடுக்கக் கிராமத்துக்குச் செல்லும் படக்குழுவின் கூச்சத்தையே பொருளாக்கிய மிருணாள் சென்னின் 'அகாலேர் சந்தானே' 1980ஆம் ஆண்டின் தங்கத் தாமரையை வென்றது. அடுத்த ஈராண்டுகளும் கௌதம் கோஷின் 'தகல்', உத்பலேந்து சக்ரவர்த்தியின் 'சோக்' என வங்கத்துக்கே. முன்னது, தன் நிலத்தைக் காக்கப் போராடும் நாடோடி இனப்பெண்ணின் கதை. மீண்டும் வேரின் செய்திதான். ரேயின் இறுதிப் படமான 'ஆகந்துக்' (1991), புத்ததேவ் தாஸ்குப்தாவின் 'சராசர்' (1993), ரிதுபர்ண கோஷின் 'உனிஷே ஏப்ரல்' (1994) என்று வந்து, 2008ஆம் ஆண்டுக்கான 'அந்தஹீன்' வரை அவ்வரிசை நீண்டது.

தமிழ்ப்படம் ஒன்று முதன்முதலாக அகில இந்தியத் தங்கத் தாமரை பெற்றது 1990ஆம் ஆண்டுக்கு: இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சிவெயில்' கதையைக் கொண்டு சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்'. அச்செய்தியைக் கேட்க நிமாய் கோஷ் இல்லை, எம்.பி. சீனிவாசனும் இல்லை. இருவரும் மறைந்த ஆண்டு 1988. படம் இயக்க வாய்ப்புக் கிட்டாத காலங்களில் அவ்விருவரும் திரைப்படத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினர். விளக்குத் தூக்குவோரும் ஒப்பனையாளரும் மின்பணியாளரும் நியாயமான கூலி கேட்கும் நிலையை உருவாக்கிய தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் அவர்கள் முன்னின்று அமைத்தது.

நிமாய் கோஷ் என்ற பெயரைத் தேடுவோர்க்கு இன்று பெரும்பாலும் வேறொருவரே கிடைக்கிறார். ரேயின் படப்பிடிப்புகளைப் பல்லாண்டுகள் புகைப்படமெடுத்து, 2020இல் மறைந்த புகழ்மிக்க கலைஞர் அவர். பெயர் ஒன்று, ஆள் வேறு. சென்னையில் உழைத்த நிமாய் கோஷ் 1914இல் பிறந்தவர்.