மலையக லயங்கள்: பருவக் கொட்டகை நிலைத்த வரலாறு

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே கூரையின்கீழ், இடைச்சுவரை மட்டும் எல்லையாகக் கொண்டு, பத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள்கூட வரிசையாகக் குடியிருக்கும் நீண்ட கட்டடத்தை லயம் என்பர். அதிலுள்ள ஒவ்வோர் அறையும் காம்பரா எனப்படும். பருவத்துக்கு வந்து வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் கூலியாட் கூட்டங்களைச் சில மாதங்கள் தங்கவைப்பதற்கென்று தோன்றிய இந்த அமைப்பு, அக்கூட்டங்கள் திரும்பிப் போவது நின்று நெடுங்காலம் ஆன பின்னரும் அதே அளவில், அதே வடிவில் நீடித்தது. லயத்தின் வரலாற்றில் விளக்கம் வேண்டி நிற்பது இந்த முரண்பாடே.

1830கள் முதல் கண்டிச் சீமையில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்ட ஆங்கிலேயத் துரைமாருக்குப் பழம் பறிக்கும் மாதங்களில் மட்டுமே ஆட்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணி, அதாவது ஆட்களைத் திரட்டி முன்பணம் கொடுத்து அழைத்துவந்து மேற்பார்வையும் செய்பவர், திரட்டிய கூட்டங்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே சென்றன; நோயிலும் தாகத்திலும் வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்து மலையேறியவர்களுக்குக் கம்பும் மண்ணும் கொண்டு எழுப்பிப் புல் வேய்ந்த கொட்டகைகளே கிடைத்தன. ஊரில் நெல் அறுவடைக் காலம் நெருங்கியதும் பெரும்பாலோர் திரும்பிவிட்டதால், அவற்றை உறுதியாகக் கட்டத் துரைமாருக்குக் காரணம் இருக்கவில்லை.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலைச் செய்கை அடுத்த இருபது ஆண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே நிரந்தரமாகத் தங்கும் ஆட்கள் தேவையாயினர். கொழுந்து பறிப்பதில் பெண்களே மிகுதியாக ஈடுபடுத்தப்பட்டதால் குடும்பங்களாகவே தங்க நேர்ந்தது. கூரை தகரமாகவும் சுவர் கருங்கல்லாகவும் மாறினாலும், ஆட்களை வரிசையாக அடைத்துவைக்கும் திட்டம் மட்டும் மாறவில்லை.

ஒரு காம்பரா ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் முன்னால் இஸ்தோப்பு எனப்படும் குறுகிய தாழ்வாரம். இரட்டை லயம் எனப்பட்ட வகையில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றதால் பின்கதவுக்கோ பின்சன்னலுக்கோ இடமே இல்லை; அடுப்புப் புகை வெளியேறும் வாசல் வழியாகவே வெளிச்சமும் காற்றும் வரவேண்டியிருந்தது. பெற்றோரும் மணமான மகனும் ஒரே அறையில் உறங்க நேர்ந்த வீடுகளில் நடுவே தொங்கிய சேலையே சுவராயிற்று. குளிப்பதும் துவைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் பல குடும்பங்களுக்குப் பொதுவான பீலிக்கரையில், அதாவது ஊற்று நீரைக் குழாய்வழி விழச்செய்த இடத்தில், நடந்தன. ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் உறவினராகவோ ஒரே சாதியினராகவோ இருந்தமையால் லயங்களும் அவ்வாறே பிரிந்தன; ஊரின் தெருப் பிரிவினை மேட்டு லயம், பணிய லயம் என்ற பெயர்களோடு மலைச்சரிவிலும் இடம்பிடித்தது என்று கூறுவது மிகையாகாது. விடியுமுன் தப்பு ஒலித்ததும் எல்லோரும் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்குப் பெயர் பதியும் திடலில், கூடவேண்டும். வராதவர் யார் என்பதை லயத்தின் வாசலிலேயே கண்டுகொள்ள முடிந்தது. அதே காலத்தில், 1880களில், தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்கள் தனி ஆண்களை மதில் சூழ்ந்த வளாகங்களில் அடைத்தன. மலைநாட்டில் மதில் எழவில்லை. அதற்குப் பதிலாக, கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டு என்னும் சீட்டு, அது 1921இல் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதைத் தடுத்துவந்தது.

சுகாதாரச் சட்டங்களும் கொக்கிப்புழு நோய்க்கெதிராக 1916இல் தொடங்கிய இயக்கமும் கழிப்பிடம், வடிகால் போன்றவற்றில் சில திருத்தங்களைக் கொண்டுவந்தன. அறையின் அளவை அவை பெரிதும் தொடவில்லை. 1939இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தபோது கங்காணி அழைத்துவரும் புதிய கூட்டம் என்பதே இல்லாமல் போனது. அதன்பின் லயங்களில் வாழ்ந்தோரில் பெரும்பகுதியினர் அங்கேயே பிறந்தவர்கள். எனினும் காம்பரா வேலையோடு கட்டப்பட்ட உடைமையாகவே இருந்தது. வேலை போனால் குடியிருப்பும் போகும் என்ற அச்சம் கூலிப் போராட்டங்கள் அனைத்தின் பின்னணியிலும் நின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதால், அரசு காணி பெற்றுத் தோட்டத்துக்கு வெளியே வீடு கட்டும் வழியும் அடைபட்டது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் நிறுவனங்களிடம் சென்றபோதும் லயங்கள் தோட்டத்தின் சொத்தாகவே கைமாறின. தனி முகவரி இல்லாத காம்பராக்களுக்கு வந்த கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் குவிந்தன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வரிசையின் கடைசிக் காம்பராவுக்குச் செல்லும் பாதை உடைந்தாலும் அதைச் செப்பனிடும் பொறுப்பு தோட்டத்தையே சார்ந்தது. அப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. இந்திய உதவியுடன் எழுந்த தனி வீடுகளும், குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்ற அரசுத் திட்டமும் லயத்துக்கு வெளியே வாழும் வழியைச் சிலருக்குத் திறந்துள்ளன. அந்த நிலத்துக்கான காணி உறுதியைக் கையில் பெறுவதே இன்று மலையக அரசியலின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருக்கிறது.