வியன்னாவின் பள்ளி அறைகளில்

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா பசியிலும் காசநோயிலும் கிடந்தது. நகராட்சி சோஷலிஸ்டுகளின் கைக்கு வந்தது. ஓட்டோ குளோக்கல் பள்ளிச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தினார். அந்த ஆண்டுகளில்தான் ஆல்ஃபிரட் ஆட்லர் என்ற மருத்துவர் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசனை நிலையங்களைத் தொடங்கினார். பல நிலையங்கள் பள்ளிக்கூடங்களிலேயே இயங்கின. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. எங்கள் தொழிலின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த நிலையங்களில், திருடுகிற, சக பிள்ளைகளை அடிக்கிற ஒரு குழந்தையைப் பற்றி ஆசிரியர் எழுதிவந்த குறிப்பை முதலில் வாசிப்பார்கள். சுற்றிலும் மற்ற ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு அம்மாவிடம் பேச்சு. அப்புறம்தான் குழந்தை உள்ளே வரும். வீட்டில் எத்தனையாவது பிள்ளை, முதன்முதலாக நினைவில் நிற்பது எது என்று விசாரிப்பார்கள். "ஏன் செய்தாய்?" என்ற அதட்டல் கிடையாது. எதை அடையப் பார்க்கிறது இந்தக் குழந்தை என்பதே ஆட்லரின் கேள்வி. (பிறப்பு வரிசை பற்றி அவர் சொன்னவற்றில் பல பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை. இந்தக் கேள்வி நின்றது.)

ஆட்லரே ரிக்கெட்ஸ் நோயால் அவதிப்பட்ட பிள்ளை. தான் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்க, அண்ணன் ஓடியாடியதை அவரே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். தாழ்வுணர்வு எல்லோருக்கும் உண்டு, அதுவே முன்னேறவும் தூண்டும் என்றார். தனக்கு இங்கே இடமில்லை என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளைதான் அடுத்தவனைக் கீழே தள்ளி உயரப் பார்க்கும். அவர் வழிவந்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ் இதில் பழிவாங்கலைத் தனியே பிரித்துக் காட்டினார்: தன்னை யாருக்கும் பிடிக்காது என்று நம்பும் குழந்தை, தனக்குப் பட்ட வலியைத் திருப்பிக் கொடுக்கும்.

என்னிடம் வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்துப் பையனைக் காம்பஸ் முனையால் குத்திவிட்டான். "கொழுப்பு" என்றார்கள். பெற்றோர் வெளியூரில், அவன் சித்தப்பா வீட்டில் ஒண்டியிருக்கிறான். "அங்க என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்க மிஸ், நானாத்தான் போகணும்" என்றான். அவனுக்குப் பள்ளி கொடுத்த தண்டனை, ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்பது.

1934-இல் ஆஸ்திரியாவின் டோல்ஃபுஸ் அரசு சோஷலிஸ்டுகளை ஒடுக்கியபோது வியன்னா நிலையங்களும் மூடப்பட்டன. ஆட்லர் அமெரிக்காவில் குடியேறினார். 1937 மே 28 அன்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத் தெருவில் மாரடைப்பால் விழுந்து இறந்தார்.

அந்த ஏழாம் வகுப்புப் பையனை நினைத்து ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: குத்தியது தப்பு என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் அதை வகுப்புக்குள் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.