தாய்ப்பால் ஊட்டல்: பாதுகாப்பு இயக்கத்தின் வரலாறு

பிள்ளை பெற்றவளுக்குத் தாய்ப்பாலின் அருமையைச் சொல்ல எக்காலத்திலும் ஆள் இருந்தார்கள். பால்மாவு விற்பவர்களின் நெருக்குதலிலிருந்து அவளைக் காக்கவும், ஊட்டுவதற்கு நேரமும் இடமும் ஏற்படுத்தித் தரவும்தான் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தாய்ப்பால் ஊட்டலை ஊக்குவித்தல், பாதுகாத்தல், ஆதரித்தல் என்று இன்று உலக அமைப்புகள் வகுத்திருக்கும் பணிகளில் நடுவில் நிற்பதே கடினமானது.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஓர் உரை ஆற்றினார். ‘பாலும் கொலையும்’ என்பது தலைப்பு. சர்க்கரை கலந்த டப்பா பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்ற உணவென்று விளம்பரப்படுத்தி விற்றதால் நேர்ந்த சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். கடுமையான சொல்தான், ஆனால் தன் கண்ணெதிரே குழந்தைகள் சாவதைப் பார்த்த மருத்துவரின் சொல் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விற்பனை உத்தி இன்னும் கூர்மையானது. செவிலியர் போல வெள்ளுடை தரித்த விற்பனைப் பெண்கள் பிரசவ வார்டுகளுக்கே போனார்கள். மாதிரி டப்பா இலவசம். ஆபத்து அந்த இலவசத்தில்தான் இருந்தது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்; புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பை மறக்க, சில நாட்களிலேயே சுரப்பு குறைந்துவிடும். இலவச டப்பா தீர்ந்த பிறகு கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும். கூலிக்காரக் குடும்பத்துக்கு விலை கட்டுப்படியாகாது. நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டு, கொதிக்காத தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். பிறகு வயிற்றுப்போக்கு, மெலிவு, மரணம்.

1974-இல் ‘வார் ஆன் வான்ட்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு வெளியிட்ட ‘தி பேபி கில்லர்’ அறிக்கை இதை உலகறியச் செய்தது. அதை ஜெர்மன் மொழியில், பால்மாவு விற்ற நெஸ்லே நிறுவனத்தின் பெயரையே தலைப்பில் இட்டு வெளியிட்ட சுவிஸ் குழு மீது அந்நிறுவனம் அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 1976-இல் பெர்ன் நீதிமன்றம் குழுவினருக்குச் சிறு அபராதம் விதித்தது. நிறுவனம் தன் விளம்பர முறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். மறு ஆண்டு அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது.

1981 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனைக்கான பன்னாட்டு விதித்தொகுப்பை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. விளம்பரம், இலவச மாதிரி, மருத்துவப் பணியாளர்களுக்கு அன்பளிப்பு எல்லாவற்றையும் விதித்தொகுப்பு விலக்கியது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. பல் முளைக்க ஒவ்வொரு நாடும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இந்தியா அதை உறுதியாகச் செய்தது. 1992-இல் நிறைவேறிய குழந்தைப் பால்மாற்றுப் பொருட்கள் சட்டம் 1993 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. அதனால்தான் இன்று கடையில் இருக்கும் பால்மாவு டப்பாவில் கொழுகொழு குழந்தையின் படமோ தாயின் படமோ கிடையாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு கண்ணில் படும்படி அச்சாகியிருக்கும். விற்பனை அளவைப் பார்த்து ஊழியருக்குக் கமிஷன் தருவதும், மருத்துவர் கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் செலவு செய்வதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

1990-இல் இத்தாலியின் புளோரன்ஸில் கையெழுத்தான இன்னொசென்டி பிரகடனத்தை அடுத்து, மருத்துவமனைகளைத் திருத்தும் பணி தொடங்கியது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தாயும் சேயும் ஒரே அறையில், புட்டிக்கு இடமில்லை என்பவை அதன் அடிப்படை. சப்ப முடியாத குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலைப் பீய்ச்சியெடுத்து, நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடையால் புகட்டுகிறார்கள். பாலை உறிஞ்சும் வலு இல்லாத சிசுவின் உதட்டோரம் பாலாடையின் மூக்கைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விடுவார் செவிலியர். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவின் முதல் வங்கி.

ஆதரவின் கதை இன்னும் பாதியில் நிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை தந்தது. 2017-இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 2015-இல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஆனால் கட்டடத்தில் சித்தாளாகக் கல் சுமப்பவளுக்கும், நடவுக்குப் போகிறவளுக்கும் சம்பளத்துடன் விடுப்பும் இல்லை, இடைவேளையும் இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று.