தலைக்கோல் முதல் செங்கம்பளம் வரை

திரைப்பட விருது விழாக்களில் நடிகைகள் தரையில் புரளும் கவுன் அணிந்து சிவப்புக் கம்பளத்தில் நடந்து வருவதை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். சிக்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகத் துணி வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறைய இருக்கிறது. 2022 செப்டம்பரில் சைமா விருது விழாவும், அக்டோபரில் தென்னிந்திய பிலிம்பேர் விழாவும் நம் பெங்களூரிலேயே நடந்தன. அதற்கடுத்த முகூர்த்தக் காலத்தில் பட்டுப்புடவை பார்க்க வந்த பெண்கள் செல்போனில் நடிகையின் படத்தைக் காட்டி, "ரிசப்ஷனுக்கு இதே மாதிரி வேணும், துணி இருக்கா?" என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் இதன் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

புகாரில் ஒரு விருது விழா

கலைஞருக்கு அரங்கில் விருது கொடுப்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்தது அல்ல. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். ஏழாண்டு பயிற்சி பெற்ற மாதவி தன் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடி, "தலைக்கோலி" என்ற பட்டமும், பச்சை மாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அன்று ஊர்வலமாக வந்தது எது என்பதைக் கவனிக்க வேண்டும். தோற்ற அரசனின் வெண்கொற்றக் குடைக் காம்பில் பொன்னும் மணியும் பதித்துச் செய்த தலைக்கோல்தான் பொற்குடத்து நீராடி, மாலை சூடி, பட்டத்து யானையின் கையில் ஏறி வந்தது. ஆடப்போகும் பெண்ணின் உடை அங்கே காட்சிப் பொருளாக இல்லை.

உடையில் அக்கால மக்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கடலாடு காதையில் மாதவி பூவேலை செய்த துகிலை உடுத்தி, அதன்மேல் முப்பத்திரண்டு வட முத்து மேகலை அணிந்ததை அடிகள் அணியணியாகச் சொல்கிறார். புகாரில் பட்டிலும், மயிரிலும், பருத்தியிலும் நுண்வேலை செய்தவர்கள் வாழ்ந்த தெருவையும் மறக்காமல் குறிக்கிறார். மாதவிக்குக் கிடைத்த மாலை உடனே கடைத்தெருவுக்கு விலைக்கு வந்தது. அதை வாங்கியவனும் ஒரு வணிகன் மகன்தான்! விருதும் வியாபாரமும் அன்றே கைகோத்து விட்டன.

கம்பளம் வந்த வழி

சிவப்பு விரிப்பின் மேல் நடப்பதைப் பற்றிய பழைய குறிப்பு கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய "அகமெம்னான்" நாடகத்தில் இருக்கிறது. போரில் வென்று வந்த மன்னனுக்கு மனைவி செந்நிறத் துணி விரிக்கிறாள். இது தெய்வங்களுக்கு உரியது, நெய்த செல்வத்தைக் காலால் மிதிக்கலாமா என்று அவன் தயங்குகிறான். ஒரு துணி வியாபாரியாக எனக்கு அந்தத் தயக்கம் மிகவும் பிடித்திருந்தது.

ஆஸ்கர் விருதுகள் 1929இல் தொடங்கின. சிவப்புக் கம்பளம் அங்கே விரிக்கப்பட்டது 1961இல்தான். 2023இல் அதையும் மாற்றி வெளிர் பழுப்பு நிறக் கம்பளம் போட்டார்கள். நம் நாட்டில் பிலிம்பேர் விருதுகளும் தேசிய விருதுகளும் 1954இல் தொடங்கின. முதல் பிலிம்பேர் சிறந்த நடிகை மீனாகுமாரி. வெகு காலம் நம் நடிகைகளின் விழா உடை சேலைதான். 1976இல் "நிஷாந்த்" படத்துக்காகக் கான் நகருக்குப் போன ஷபானா ஆஸ்மியும் ஸ்மிதா பாட்டீலும், விளம்பரத்துக்குப் பணம் இல்லாததால், சேலை உடுத்திக் கடற்கரைச் சாலையில் நடந்தே மக்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 2002இல் மங்களூரில் பிறந்த ஐஸ்வர்யா ராய் "தேவதாஸ்" படத்துக்காக அங்கே போனபோதும் மஞ்சள் சேலைதான். 2017இல் அவரே வெளிர்நீல அகலக் கவுனில் வந்தார். நம் பெங்களூரில் வளர்ந்த தீபிகா படுகோனே 2022இல் கான் நடுவராகச் சென்று சேலையும் கட்டினார். 2023 ஆஸ்கர் மேடையில் கறுப்புக் கவுனில் நின்றார்.

உடைக்காகவே ஆஸ்கர் வாங்கிய நம்மவரையும் இங்கே நினைக்க வேண்டும். பானு அதையா "காந்தி" படத்துக்காக 1983இல் ஜான் மோலோவுடன் சேர்ந்து அந்த விருதைப் பெற்றார். இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் அதுவே. கதர் வேட்டியும் கைத்தறியும் நிறைந்த படத்துக்கு உடைக்கான விருது கிடைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சேலையும் கவுனும்

தொழில்முறையில் வித்தியாசம் இதுதான். சேலை வெட்டாத துணி. தறியிலிருந்து இறங்கும்போதே முடிந்த பொருள். தாய் கட்டியதை மகள் கட்டலாம். கவுன் ஓர் உடம்பின் அளவுக்கு வெட்டித் தைப்பது. கம்பளத்தில் வரும் கவுன்களில் பெரும்பாலானவை அந்த நடிகையுடையவையும் அல்ல. உடை நிறுவனம் இரவலாகக் கொடுத்து, விழா முடிந்ததும் வாங்கிக்கொள்ளும். எங்கள் பேட்டை பாஷையில் சொன்னால் சாம்பிள் பீஸ்!

அந்தக் காலத்தில் பெங்களூரில் பிறந்த சரோஜாதேவி அம்மையார் கட்டிய சேலையைப் பார்த்துப் பெண்கள் அதே மாதிரி தேடினார்கள். 1985இல் நதியா வந்தபோது சேலை, கம்மல் எல்லாமே நதியாதான். அந்த விற்பனையில் நெசவாளி வீட்டிலும் அடுப்பு எரிந்தது. செல்போன் படத்தைப் பார்த்துத் தைக்கும் கவுனுக்கு மில் பாலியெஸ்டர் போதும். தறிக்காரருக்கு அதில் பங்கில்லை.

பூச்சியின் உயிர்

இப்படியெல்லாம் பட்டுக்காகப் பேசிக்கொண்டிருந்த என்னை என் தம்பி மகள் மடக்கினாள். தன் வரவேற்புக்குக் கவுன் கேட்டவளிடம், "நம்ம ஆரணிப் பட்டு இருக்கும்போது அது எதுக்கும்மா?" என்றேன். "பெரியப்பா, பட்டுல பூச்சி சாகுது. கவுன்ல எது சாகுது? நாம ஜைனர்தானே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவள் சொன்னது உண்மை. ஒரு கூட்டில் அறுபடாத இழை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் வரை இருக்கும். பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். அதனால் உயிரோடு வெந்நீரில் போடுகிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். திப்பு காலத்தில் மைசூர்ச் சீமைக்கு வந்த தொழில் இது. 1912இல் மைசூரில் பட்டு ஆலை, 1949இல் மத்தியப் பட்டு வாரியம் என்று வளர்ந்தது. இன்று சில்க் போர்டு என்றால் நம் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து நெரிசல் மட்டும்தான் ஞாபகம் வருகிறது!

மாற்று வழியும் உண்டு. குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், பூச்சியைக் கொல்லாத பட்டு கிடைக்குமா என்று கேட்டார். அதைக் கேட்ட ஆந்திரக் கைத்தறித் துறை அலுவலர் குசுமா ராஜையா, பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் நூற்கும் அகிம்சைப் பட்டை உருவாக்கினார். பளபளப்புக் குறைவு, விலை அதிகம்.

காஞ்சிபுரத்தை அடுத்து எங்கள் மக்களின் ஜினகாஞ்சி இருக்கிறது. அதன் ஊர்ப்பெயர் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்குப் பேர்போன நகரின் பக்கத்தில், பெயரிலேயே பருத்தியை வைத்திருக்கும் சமண ஊர்! என் தாயார் கடைசிவரை பருத்திதான் உடுத்தினார். நானோ வாழ்நாளெல்லாம் பட்டு விற்று வீடு கட்டினேன்.

கடைசியில் தம்பி மகளுக்கு அகிம்சைப் பட்டில் ஒரு சேலை வரவழைத்தேன். முகூர்த்தத்துக்கு அதைக் கட்டினாள். மாலை வரவேற்புக்குக் கவுன்தான் போட்டாள். அதற்கு நானே அளவெடுக்க ஆள் அனுப்பினேன். கவுன் வேண்டாம் என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன், நாம் அணியும் துணி எங்கே, யார் கையால், எந்த உயிரைக் கொடுத்து வந்தது என்று நாமே தெரிந்துகொள்வோம். அவர்கள் கேட்கும்போது சொல்லப் பதில் வேண்டுமே.