கவட்டுக் குச்சி எங்கே போனது?

போன ஞாயிறு சாயங்காலம் ஆரணிக் கோட்டை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கூட வந்த நெசவுக்கார அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்பா, இங்க கிளைவு சண்டை போட்டான்ங்கறியே, அந்தக் காலத்துத் துப்பாக்கி அவ்ளோ நீட்டு, அவ்ளோ கனம். அதப் புடிச்சிக்கினு எப்படிக் குறி வச்சாங்க? கை ஆடாதா?"

பட்டு இழையோடு பிழைக்கிறவருக்குத்தான் முதலில் கை ஆடுவது நினைவுக்கு வரும். அன்றிரவே தேட உட்கார்ந்தேன்.

பதில் ஒரு குச்சி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வந்த மஸ்கெட் துப்பாக்கி ஏழெட்டு கிலோ கனம். அதனால் சிப்பாய் கூடவே ஒரு கவட்டுக் குச்சியும் எடுத்துப் போவான். தரையில் ஊன்றி, கவட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுவான். 17ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியின் கனம் குறையக் குறைய, குச்சியும் போர்க்களத்தை விட்டுப் போனது.

ஆகவே 1751 டிசம்பர் 3 அன்று ஆரணியில் கிளைவும் ராஜா சாகிபும் மோதியபோது அந்தக் குச்சிக்கு வேலையே இல்லை. சேற்று வயல், அதன் நடுவே ஒரு கரைப் பாதை. பிரெஞ்சுப் பக்கம் அந்தப் பாதையில் வந்து மாட்டிக்கொண்டது. கூட்டமாக வருகிறவர்கள்மேல் வரிசையாக நின்று சுடுகிறவன் தனியாக யாரையும் குறி வைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கை ஆடினாலும் யார்மேலாவது படும்.

வேட்டைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் முன்னால் நிற்பது ஒரே ஒரு மிருகம். அதனால்தான் போரில் செத்த தாங்கி, வேட்டையில் பிழைத்துக்கொண்டது. முகலாய வேட்டை ஓவியங்களைப் பாருங்கள். நீளமான திரித்துப்பாக்கியைக் கவட்டுக் கால்மேல் வைத்துச் சுடுவார்கள். சில ஓவியங்களில் தாங்கியாக இருப்பது ஓர் ஆளின் தோள்! ராஜா குறி வைக்க, காதுக்குப் பக்கத்தில் வெடிச் சத்தத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, கைத்துப்பாக்கி? 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அம்பாரித் துப்பாக்கி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். குட்டையான, தடித்த குழல். யானைமேல் உட்கார்ந்திருக்கும்போது புலி பாய்ந்து ஏறினால் முகத்துக்கு நேரே சுடுவதற்கு. அதற்குத் தாங்கி வேண்டாம், தூரமே இல்லையே.

தூரம் கூடினால் கதை வேறு. ஒரு கணக்குப் போடுவோம். கைத்துப்பாக்கியில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 15 செ.மீ. என்று வையுங்கள். அதில் 1 மி.மீ. பிசகினால் 50 மீட்டரில் குண்டு 33 செ.மீ. தள்ளிப் போகும். இடைவெளி 60 செ.மீ. உள்ள நீளத் துப்பாக்கியில் அதே பிசகு எட்டு செ.மீ.தான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கே மடக்குக் குச்சி, முக்காலி, மணல் பை என்று தூக்கிப்போகும் தாங்கிகளைத் தேடித் தேடி வாங்குவது இதனால்தான்.

தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. குழலை நேராகக் கடினமான பொருள்மேல் வைத்தால் அது எகிறி, குண்டு இடம் மாறும். ஆகவே கையைத்தான் தாங்கியில் வைக்க வேண்டும், அதுவும் மெத்தென்று இருக்க வேண்டும். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்தில் தீ பீறிடும். அந்த இடத்தில் துணியோ தோலோ இருந்தால் கிழிந்துவிடும். விரல் இருந்தாலும் அதே கதிதான்.

இத்தனை பாடும் எதற்கு? 33 செ.மீ. தள்ளிப்போன குண்டு பல நேரம் கொல்லாது, காயப்படுத்தும். வயிற்றில் குண்டோடு ஓடுகிற மான் எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும்.

நம் நாட்டில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு, உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. ஆரணிக்கு மேற்கே இருக்கும் ஜவ்வாது மலைக்குத் தாங்கியோடு போக இனி யாருக்கும் வேலையில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

மறுநாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறிக் குழியில் காலை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம்பா" என்றார். "அந்த மானுக்கு யாரு முடிச்சுப் போடுறது?"