எலிசபெத் பெர்க்லி – ரிச்சர்ட் பீச்சம் திருமணமும் பெர்க்லி சொத்து வழக்கும்

எலிசபெத் பெர்க்லி (சுமார் 1386 – 28 டிசம்பர் 1422) இங்கிலாந்தின் குளோஸ்டர்சயர் பகுதியைச் சேர்ந்த பெர்க்லி பிரபுக் குடும்பத்தின் வாரிசுப் பெண் ஆவார். இவரது கணவர் ரிச்சர்ட் பீச்சம் (1382 – 1439), வாரிக் பிரபுவாக இருந்தவர். நூறாண்டுப் போரில் இங்கிலாந்துத் தரப்பின் முக்கியத் தளபதிகளுள் ஒருவர். 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க் மீது விசாரணை நடந்தபோது ரூவான் கோட்டை இவரது பொறுப்பில்தான் இருந்தது. கணவரைப் பற்றி நூல்கள் பல உள்ளன. மனைவியைப் பற்றியோ, பெரும்பாலும் நிலம் கைமாறிய இடங்களில் மட்டுமே ஆவணங்கள் பேசுகின்றன. இவ்விருவரின் திருமணத்திலிருந்து கிளைத்த சொத்து வழக்கு 1417இல் தொடங்கி 1609இல்தான் முடிந்தது. இங்கிலாந்தின் மிக நீண்ட வழக்குகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

திருமண ஒப்பந்தம்

எலிசபெத்தின் தந்தை தாமஸ் பெர்க்லி (1353 – 1417). தாய் மார்கரெட், லைல் பிரபுவின் மகள். இவர்கள் 1367இல் மணந்தபோது தாமசுக்கு 14 வயது, மார்கரெட்டுக்குச் சுமார் 7. அக்காலத் திருச்சபைச் சட்டப்படி பெண் 12 வயதிலும் ஆண் 14 வயதிலும் தரும் சம்மதமே திருமணத்தை உறுதியாக்கும். அதற்கு முன் நடப்பது, பின்னாளில் மறுக்க இடமுள்ள ஏற்பாடு மட்டுமே. நிலமுள்ள குடும்பங்கள் அந்த வயது வரை காத்திருக்கவில்லை.

மார்கரெட்டின் உடன்பிறந்தான் முன்பே இறந்துவிட்டதால் லைல் குடும்பச் சொத்து முழுவதும் அவரிடம் வந்தது. 1392 மார்ச்சில் அவரும் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சுமார் ஆறு வயதான எலிசபெத்துக்கும் பத்து வயதான ரிச்சர்டுக்கும் திருமண ஒப்பந்தம் செய்யப்பட்டது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தாமசுக்கு அப்போது வயது 39, மகன் இல்லை. மறுமணம் செய்துகொண்டிருந்தால் ஒரு மகன் பிறந்திருக்கலாம். ஆனால் அவர் கடைசிவரை மறுமணம் செய்யவில்லை. தன் ஒரே மகளை நாட்டின் முதன்மைக் குடும்பங்களுள் ஒன்றில் மணம் முடித்துக் கொடுப்பதையே அவர் தேர்ந்தார் என்று கொள்ளலாம். 1397 அக்டோபர் 5க்கு முன்பே திருமணம் நடந்துவிட்டது. அந்த ஆண்டுதான் ரிச்சர்டின் தந்தை அரசத் துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு மான் தீவுக்கு அனுப்பப்பட்டார் என்பதால், பெர்க்லி குடும்பத்துக்கு அது கவலை மிகுந்த காலமாகவே இருந்திருக்கும். 1399இல் ஆட்சி மாறியது. வாரிக் குடும்பம் இழந்ததை மீண்டும் பெற்றது.

எலிசபெத் கல்வியில் ஈடுபாடுள்ள வீட்டில் வளர்ந்தவர். ஜான் டிரவீசா பெரிய இலத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தது அவர் தந்தைக்காகவே. எலிசபெத்துக்காக ஜான் வால்டன் என்பவர் 1410இல் போயத்தியசின் தத்துவ நூலை ஆங்கிலச் செய்யுளாக்கினார். 1525இல் டேவிஸ்டாக் நகரில் இந்நூல் அச்சானபோது சேர்க்கப்பட்ட பாடல்களின் வரி முதலெழுத்துகளைக் கூட்டினால் எலிசபெத்தின் பெயர் வரும். சொத்து சாராத காரணத்துக்காக அவர் பெயர் பதிவான அரிய இடங்களுள் இது ஒன்று.

1349ஆம் ஆண்டுப் பத்திரம்

சிக்கலின் வேர் எலிசபெத் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தையது. தாமசின் தாத்தா பெயரும் தாமஸ்தான். 1327இல் அரசர் இரண்டாம் எட்வர்டு பெர்க்லி கோட்டையில் சிறைவைக்கப்பட்டு உயிரிழந்தபோது கோட்டைக்கு உரியவர் இவரே. 1349இல் இவர் கோட்டையையும் அதனைச் சேர்ந்த பண்ணைக் கிராமங்களையும் ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே செல்லும்படி எழுதி வைத்தார்.

பொதுச் சட்டப்படி, மகன் இல்லாதவரின் நிலம் மகளுக்குச் செல்லும். உடன்பிறந்தவரின் மகனுக்குச் செல்லாது. இந்தப் பத்திரமோ அந்த வழக்கத்தை மீறி, ஆண்வழியிலேயே நிலத்தை நிறுத்தியது. ஆகவே தாமஸ் பெர்க்லி 1417 ஜூலை 13 அன்று இறந்தபோது அவருக்கு இரண்டு வாரிசுகள் இருந்தனர்: பொது வாரிசு மகள் எலிசபெத், ஆண்வழி வாரிசு தம்பி மகன் ஜேம்ஸ் பெர்க்லி. எந்த நிலம் எந்தப் பத்திரத்தின் கீழ் வருகிறது என்பதே கேள்வி.

தாயின் லைல் சொத்தில் தகராறு இல்லை. அது எலிசபெத்துக்கே உரியது. ஆனால் அதற்கும் அவர் 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மனைவி வழியில் பிள்ளை பிறந்திருந்தால், மனைவி இறந்த பின்னும் அவளது நிலத்தைக் கணவன் தன் ஆயுள் முழுவதும் அனுபவிக்கலாம் என்பது இங்கிலாந்துச் சட்டம். 1392 முதல் 1417 வரை தாமஸ் அப்படித்தான் லைல் நிலங்களை வைத்திருந்தார்.

இறப்பு விசாரணைப் பதிவுகள்

இத்தகைய குடும்பங்களை ஆராய்வோருக்கு முதன்மையான மூலம், அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும் நடத்தப்பட்ட விசாரணையின் பதிவு. அரசின் ஆணை மாவட்ட அதிகாரிக்குச் செல்லும். அவர் அப்பகுதியைச் சேர்ந்தவர்களைச் சத்தியம் செய்வித்து விசாரிப்பார். இறந்தவரிடம் இருந்த நிலம் எது, யாரிடமிருந்து எந்தச் சேவைக்காகப் பெறப்பட்டது, ஆண்டு மதிப்பு என்ன, அவர் என்று இறந்தார், அடுத்த வாரிசு யார், வாரிசின் வயது என்ன ஆகியவற்றுக்கு அவர்கள் விடை தர வேண்டும். நிலம் பல மாவட்டங்களில் இருந்தால் விசாரணையும் பல.

இப்பதிவுகளைப் பயன்படுத்தும் மாணவர் இரண்டு இடங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்று, வயது. ‘30 வயதும் அதற்கு மேலும்’ என்பது போன்ற வாய்பாடு, வாரிசு உரிய வயதை அடைந்துவிட்டார் என்பதைச் சொல்லவே எழுதப்பட்டது. அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடுவது ஆபத்து. எலிசபெத்தின் பிறப்பு ஆண்டுக்கு முன் ‘சுமார்’ என்று போடுவதும் இத்தகைய காரணத்தால்தான். மற்றொன்று, தேதி. ஆண்டுகள் அரசரின் ஆட்சியாண்டுகளால் குறிக்கப்பட்டன. தாமஸ் இறந்தது ஐந்தாம் ஹென்றியின் 5ஆம் ஆட்சியாண்டு. மேலும், அன்று புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. கீழே வரும் நிப்லி கிரீன் சண்டை நம் கணக்கில் 1470 மார்ச் 20. அன்றைய கணக்கில் அது இன்னும் 1469.

கோட்டையும் ஆவணப் பெட்டிகளும்

தாமஸ் இறந்ததும் எலிசபெத்தும் ரிச்சர்டும் பெர்க்லி கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையோடு அங்கிருந்த குடும்ப ஆவணங்களும் அவர்கள் கைக்கு வந்தன. கற்சுவர்களைவிட இதுவே பெரிய இழப்பு என்பது ஜேம்சுக்குத் தெரிந்திருக்கும். உரிமையை நிறுவும் பத்திரங்கள் எதிராளியின் பெட்டியில் இருக்கும்போது நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது? ஜேம்ஸ் அரசரின் தம்பியான குளோஸ்டர் டியூக் ஹம்ஃபிரியின் ஆதரவை 1000 மார்க் தொகைக்குப் பெற்றார். (ஒரு மார்க் என்பது ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.) 1421இல் பெர்க்லி பிரபு என்ற முறையில் அவருக்கு நாடாளுமன்ற அழைப்பு வந்தது. ஆயினும் சில பண்ணைகள் பற்றிய பூசல் ஓயவில்லை.

இதே காலத்தைச் சேர்ந்த ஒரு கணக்கேடு லாங்லீட் மாளிகையில் உள்ளது. 1420 அக்டோபர் தொடங்கி ஓராண்டுக்கு, எலிசபெத்தின் வீட்டில் நாள்தோறும் சாப்பிட்டவர்கள், செலவான உணவுப் பொருட்கள் ஆகியவற்றை அது பதிவு செய்கிறது. வரலாற்றாளர் சார்லஸ் ராஸ் 1951இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கணவர் பெரும்பாலும் பிரான்சுப் போரில் இருந்த ஆண்டுகள் இவை. பெரிய குடும்பத்தையும் பெரிய வழக்கையும் நடத்தியவர் எலிசபெத் என்பதைப் பத்திரங்களைவிட இந்தச் சமையல் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு முடிவில் அவர் இறந்தார். கிங்ஸ்வுட் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வாரிக் சொத்தும் கைவிட்டுப் போனது

எலிசபெத்துக்கு மார்கரெட், எலினோர், எலிசபெத் என மூன்று மகள்கள், மகன் இல்லை. ரிச்சர்ட் 1423இல் இசபெல் டெஸ்பென்சரை மணந்தார். அவருக்கு ஹென்றி என்ற மகனும் ஆன் என்ற மகளும் பிறந்தனர். ரிச்சர்டின் வாழ்க்கையைச் சித்திரங்களால் சொல்லும் 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதன் இறுதியில் வரும் வம்சாவளிப் படத்தில் இரு மனைவியரும் ரிச்சர்டின் இருபுறமும் நிற்கிறார்கள். சட்டம் அவ்வளவு சமமாக நடத்தவில்லை.

1439இல் ரிச்சர்ட் இறந்ததும் வாரிக் சொத்து மகன் ஹென்றிக்குச் சென்றது. அவர் 1446இல் இளம் வயதிலேயே இறந்தார். அவரது ஒரே குழந்தையும் 1449இல் இறந்தது. இப்போது உரிமை யாருக்கு? தாய் வேறாயின் வாரிசுரிமை இல்லை என்பது சட்டம். கடைசியாக நிலம் வைத்திருந்தவர்கள் இரண்டாம் மனைவியின் வழியினர் என்பதால், மூத்தவர்களான மூன்று மகள்களையும் ஒதுக்கிவிட்டுச் சொத்தின் பெரும்பகுதி தங்கை ஆனுக்கும், அவர் கணவர் ரிச்சர்ட் நெவிலுக்கும் போனது. பின்னாளில் அரசர்களை உருவாக்குபவர் எனப் பெயர் பெற்ற நெவில் இவர்தான்.

ஆக, எலிசபெத்தின் மகள்கள் தாய்வழிக் கோட்டையை ஆண்வழிப் பத்திரத்தால் இழந்தனர். தந்தைவழிப் பட்டத்தை இரண்டாம் திருமணத்தால் இழந்தனர். மூத்த மகள் மார்கரெட்டின் பிற்காலப் பிடிவாதத்தை வெறும் பேராசை என்று எழுதிச் செல்பவர்கள் இந்த இரண்டாவது இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த தலைமுறைகள்

மார்கரெட்டின் கணவர் ஜான் டால்பட், ஷ்ரூஸ்பரி பிரபு. ஜேம்ஸ் பெர்க்லியின் மனைவி இசபெல் மோபிரே, நார்ஃபோக் டியூக்கின் மகள். பூசல் இந்த இரு பெண்களின் கைக்கு மாறியது. இலண்டனில் வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்த இசபெல் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று பிழைத்திருக்கிறது. தன்னைக் கேட்காமல் சமரசம் பேச வேண்டாம் என்றும், பணம் அனுப்பாவிட்டால் குதிரையை அடகு வைத்து நடந்தே வீடு திரும்ப வேண்டியிருக்கும் என்றும் அதில் எழுதுகிறார். 1451இல் டால்பட் தரப்பினர் பெர்க்லி கோட்டைக்குள் புகுந்து ஜேம்சையும் மகன்களையும் பிடித்தனர். 1452இல் மார்கரெட்டால் குளோஸ்டரில் சிறைவைக்கப்பட்ட இசபெல் அங்கேயே இறந்தார்.

1470இல் மார்கரெட்டின் பேரனான இளம் லைல் பிரபு தாமஸ் டால்பட், ஜேம்சின் மகன் வில்லியம் பெர்க்லிக்குச் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதினார். மறுநாளே நிப்லி கிரீன் என்ற இடத்தில் இரு தரப்பும் மோதின. லைல் பிரபு அம்பு பட்டு இறந்தார். தனியார் படைகளுக்கிடையே இங்கிலாந்தில் நடந்த கடைசிப் பெருஞ்சண்டையாக இது குறிப்பிடப்படுகிறது. இப்படிக் காத்த நிலத்தை, வாரிசில்லாத வில்லியம் தம்பிக்கு விடாமல் ஏழாம் ஹென்றிக்கும் அவரது ஆண்வழியினருக்கும் எழுதிக் கொடுத்தார். 1553இல் ஆறாம் எட்வர்டு இறந்து அந்த ஆண்வழி அற்றுப்போன பிறகே அது பெர்க்லி குடும்பத்துக்குத் திரும்பியது.

ஜான் ஸ்மித்தின் நூல்

இக்கதையின் பெரும்பகுதியை நாம் அறிவது ஜான் ஸ்மித் (1567 – 1641) என்பவரால். பெர்க்லி கோட்டையின் ஆவண அறையைப் பயன்படுத்தி அவர் எழுதிய குடும்ப வரலாறு 1880களில் அச்சானது. இன்று மூலம் கிடைக்காத சிலவற்றுக்கும் அதுவே சாட்சி. ஆனால் அவர் பெர்க்லி பிரபுவின் ஊழியர். எலிசபெத்தின் செயலை அபகரிப்பு என்றும் ஜேம்சின் செயலை மீட்பு என்றும் அவர் காண்பது இயல்பே. ஆகவே அவரை அரசுப் பதிவுகளோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். 1609இல் லைல் உரிமைக்கு அன்றைய வாரிசாக இருந்த ராபர்ட் சிட்னியுடன் ஹென்றி பெர்க்லி பிரபு செய்துகொண்ட உடன்பாட்டால் வழக்கு முடிவுக்கு வந்தபோது, ஸ்மித் அக்குடும்பத்தின் பணியில்தான் இருந்தார்.