ஜீப் போட்ட 'டிக் டிக்'

உலகப்போர்க் கால ஜீப்பின் முன்னச்சில் பெண்டிக்ஸ், ர்ஸெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்ற நான்கு வகை ஜாயிண்டுகளில் ஏதோ ஒன்று இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்து வண்டிகள்தான் போடிநாயக்கனூரிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றின. அவற்றின் அடியில் படுத்தே நான் தொழில் கற்றேன்.

கருவி என்றால் காதும் கட்டைவிரலும்தான். கொண்டை ஊசி வளைவில் ஒடிக்கும்போது 'டிக் டிக்' என்றால் முன்சக்கர ஜாயிண்ட். ரிவர்ஸ் போட்டு எடுக்கையில் ஒற்றை 'டிக்' கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது கூட்டல்குறி வடிவ ஜாயிண்ட். சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைத் திருகுவேன்; கிராஸ் மூடிமேல் வைத்த கட்டைவிரலுக்கு ஆட்டம் தெரிந்துவிடும். கழற்றினால் கிரீஸ் வற்றிய ஊசி பேரிங்கிலிருந்து செங்கல்பொடி மாதிரித் துரு கொட்டும். அதைப் பார்க்க இன்றும் மனசு கேட்பதில்லை.